தந்தியின் அதிர்வை எண்ணிய துறவி: மரேன் மெர்சென்

1643-ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்த ஒரு துறவி, துலூஸ் நகரத்து நீதிமன்ற அதிகாரி ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டார். 100895598169 பகா எண்ணா, பகு எண்ணா? பன்னிரண்டு இலக்க எண் அது. சிறிய பகா எண்களில் தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் மீதியில்லாமல் வகுபடும். அதிகாரியிடமிருந்து பதில் வந்தது: 898423-ஐ 112303-ஆல் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும், இரண்டுமே பகா எண்கள்.

பதில் சொன்னவர் பியர் த ஃபெர்மா. கணித வரலாறு அவரை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. கேட்டவர் மரேன் மெர்சென். இவர் பெயரை இன்று பெரும்பாலும் 'மெர்சென் பகா எண்கள்' என்ற தொடரில்தான் கேள்விப்படுகிறோம். அதிலும் ஒரு விசித்திரம்: அந்தப் பெயருக்குக் காரணமான பட்டியலில் ஐந்து பிழைகள் இருக்கின்றன. அவருடைய ஆகப் பெரிய வேலை எண்களில் இல்லை, ஒலியில் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஒரு சுரத்தின் உயரம் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்கிற எண்ணிக்கைதான் என்று சொல்லி, அந்த எண்ணிக்கையை அளக்கவும் வழி கண்டவர் அவர்.

மெர்சென் 1588 செப்டம்பர் 8 அன்று பிரான்ஸின் மேன் பகுதியில், வாசேயின் அருகே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். ல மான் நகரத்துப் பள்ளியிலும், பிறகு லா ஃப்ளேஷில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியிலும் படித்தார். மெய்யியலாளர் டெக்கார்ட்டும் அதே கல்லூரிதான், ஆனால் எட்டு வயது இளையவர். இருவருடைய நட்பும் பிற்பாடு பாரிஸில்தான் வளர்ந்தது. மெர்சென் சொர்போனில் இறையியல் படித்தார், 1611-இல் மினிம் சபையில் சேர்ந்து துறவியானார், அதையடுத்துக் குருப்பட்டமும் பெற்றார். மினிம் துறவிகளின் ஒழுங்கு மிகக் கடுமையானது. மாமிசம் மட்டுமல்ல, முட்டையும் பாலும்கூட விலக்கு. சில ஆண்டுகள் நெவேர் நகரத்து மடத்தில் மெய்யியல் கற்பித்துவிட்டு 1619-இல் பாரிஸுக்குத் திரும்பினார். பிளாஸ் ருவாயால் சதுக்கத்தை அடுத்திருந்த மடத்தில் ஓர் அறை. பயணங்கள் போக, 1648-இல் இறக்கும்வரை அந்த அறையே அவருக்கு ஆய்வுக்கூடமும் தபால் நிலையமும்.

ஒரு பாதிரியாருக்கு இசைக் கணக்கில் என்ன வேலை? அன்றைய கல்விமுறையில் இது கேள்வியே இல்லை. எண்கணிதம், வடிவியல், வானியல், இசை நான்கும் ஒரே குடும்பத்துப் பாடங்கள். மெர்சென் அதற்கு மேலும் ஒன்று நினைத்தார். 1623-இல் அவர் எழுதிய ஆதியாகம விளக்கவுரை நாத்திகர்களையும் மந்திரவாதிகளையும் எதிர்த்து எழுந்த பெரிய நூல், ஆனால் நடுநடுவே இசை, ஒளியியல், கணிதம் என்று விரிந்துகொண்டே போகும். 1625-இல் 'அறிவியல்களின் உண்மை' என்ற நூலில் ஐயவாதிகளுக்குப் பதில் சொன்னார். பொருள்களின் உள்ளியல்பு நமக்குத் தெரியாமல் போகலாம், சரி. ஆனாலும் அளந்தும் கணக்கிட்டும் தெரிந்துகொள்வதை நம்பலாம், வாழ்க்கைக்கு அது போதும் என்பது அவர் வாதம். அளவை நம்பிய அந்த மனிதருக்கு இசை மிகவும் பொருத்தமான களம். காதுக்கு இனிமையாக இருப்பதற்குப் பின்னால் 2:1, 3:2 என்று சின்னச் சின்ன விகிதங்கள் இருப்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி.

தெரிந்த அந்தச் செய்தியோடு ஒரு கட்டுக்கதையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தாகரஸ் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து போனாராம், சம்மட்டிகளின் ஓசையில் இணக்கம் கேட்டாராம், நிறுத்துப் பார்த்தால் எடைகள் 12, 9, 8, 6 என்ற விகிதத்தில் இருந்தனவாம். அதே எடைகளைத் தந்திகளில் தொங்கவிட்டாலும் அதே இணக்கம் வரும் என்று நூற்றாண்டுக்கணக்கில் நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. தொங்கவிட்டுப் பார்த்தால் வராது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஒரு லூட் வாத்தியக் கலைஞர். அவர்தான் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைச் சோதித்து, ஒரு தந்தியை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோக இரண்டு மடங்கு எடை போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று காட்டினார். பாதி நீளத் தந்தி இரண்டு மடங்கு வேகமாக அதிரும் என்பதற்கு ஹாலந்துக்காரர் ஐசக் பீக்மன் 1615 வாக்கிலேயே காரணம் யோசித்து வைத்திருந்தார்.

அதாவது துண்டுகள் ஆங்காங்கே கிடந்தன. மெர்சென் அவற்றைச் சேர்த்து, சோதித்து, 1636-37-இல் 'உலகளாவிய இணக்கம்' என்ற தலைப்பில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூலாக வெளியிட்டார். கலிலியோ இதே விதிகளைத் தொட்டு எழுதிய உரையாடல் நூல் அச்சானது 1638-இல். இன்று மெர்சென் விதிகள் என்று அழைக்கப்படுபவை மூன்று. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரட்டிக்கும், ஒன்பது மடங்கானால் மும்மடங்காகும். ஒரே நீளம், ஒரே இழுவிசை என்று வைத்துக்கொண்டால், நான்கு மடங்கு கனமான தந்தி பாதி அதிர்வெண்ணில்தான் ஒலிக்கும். பள்ளி ஆய்வகத்தில் சுரமானியின் முனையில் எடைத் தட்டைத் தொங்கவிட்டு, காகிதத் துண்டு துள்ளி விழும் இடத்தைத் தேடிய மாணவர்கள் எல்லோரும் சரிபார்த்தது இந்த விதிகளைத்தான். கிதாரின் மந்தரத் தந்திகளைச் சுற்றி உலோகச் சுருள் இருப்பதற்கும் மூன்றாம் விதியே காரணம். தந்தியை நீளமாக்காமல் கனத்தை மட்டும் கூட்டிச் சுரத்தை இறக்கும் வழி அது.

விகிதங்களோடு அவர் நின்றுவிடவில்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவே 2:1 என்று சொல்லிவிடலாம். ஆனால் நொடிக்கு 200-க்கு 100-ஆ, 600-க்கு 300-ஆ? இசைக்கும் தந்தியின் அதிர்வைக் கண்ணால் எண்ண முடியாது, மங்கலான ஒரு பட்டைதான் தெரியும். மெர்சென் செய்தது எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மிக நீளமான கயிறுகளையும் உலோகக் கம்பிகளையும் இழுத்துக் கட்டினார். அவ்வளவு நீளத்தில் ஓசை கேட்காது, ஆனால் கயிறு போய்வருவது கண்ணுக்குத் தெரியும். எண்ணலாம். எண்ணிக்கையை ஊசலின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு நொடிக்கு இத்தனை என்று குறிக்கலாம். அப்புறம் அதே இழுவிசையில் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் ஓசை கேட்கத் தொடங்கும். உதாரணத்துக்கு, 100 அடியில் நொடிக்கு 5 முறை ஆடிய கம்பியை 5 அடிக்குச் சுருக்கினால் நீளம் இருபதில் ஒரு பங்கு, அதிர்வு இருபது மடங்கு. காதில் விழும் அந்தச் சுரம் நொடிக்கு 100 அதிர்வு. கண்ணால் காண முடிவதில் எண்ணி, காதால் கேட்பதற்கு அந்த எண்ணை விதி வழியாகக் கொண்டுபோயிருக்கிறார். கேட்கக்கூடிய ஒரு சுரத்துக்கு இத்தனை அதிர்வு என்று முழு எண்ணாகவே சொல்ல முடிந்தது இதனால்தான்.

அவருக்கு இதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு அந்த நூலிலேயே ஓர் இடம் உண்டு. தந்திகளின் நீளமும் பருமனும் தெரிந்தால், காது கேளாத ஒருவர்கூட லூட்டுக்கும் வயோலுக்கும் சுருதி சேர்க்கலாம் என்று எழுதி, எந்தச் சுரத்துக்கு எவ்வளவு எடையின் இழுவை வேண்டும் என்று கணக்கும் தருகிறார். காதின் கலையாகவே இருந்த ஒன்றைத் தராசிலும் அளவுகோலிலும் நிறுத்திக் காட்டிய வாக்கியம் அது. அதற்காக இசைக் கலைஞர்களை அவர் ஒதுக்கிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அன்றைய வாத்தியங்களை உறுப்பு உறுப்பாக வரைபடத்தோடு விவரித்திருக்கிறார். அக்கால வாத்தியங்களை மறுபடி செய்ய முனைபவர்கள் இன்றும் அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள்.

ஒரு தந்தியைக் காது கொடுத்துக் கவனமாகக் கேட்டபோது அவருக்கு இன்னொன்றும் கேட்டது. மீட்டிய சுரத்தோடு சேர்ந்து, மெல்லியதாக வேறு சுரங்களும்: மும்மடங்கு அதிர்வுடைய ஒன்று, ஐந்து மடங்குடைய இன்னொன்று. நம்மில் தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஸா தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக மிதந்து வருவதுபோலத்தான். மெர்சென் இதைப் பதிவுசெய்ததோடு திகைத்தும் போனார். சுரம் என்பது அதிர்வின் எண்ணிக்கை என்றால், ஒரே தந்தி ஒரே நேரத்தில் நொடிக்கு 100 முறையும் 300 முறையும் 500 முறையும் எப்படி அதிரும்? தன் கொள்கைக்கே குறுக்கே நின்ற அந்த அனுபவத்தை அவர் மறைக்கவில்லை. டெக்கார்ட்டிடமும் மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தார். திருப்தியான பதில் எவரிடமிருந்தும் வரவில்லை. தந்தி முழுதாகவும் பகுதி பகுதியாகவும் சேர்ந்தே அதிர முடியும், நடுவில் அசையாத கணுப்புள்ளிகள் இருக்கும் என்பது 1670-களில் இங்கிலாந்தில் ஜான் வாலிஸ் வெளியிட்ட சோதனைகளிலும், 1701-இல் பாரிஸில் ஜோசப் சோவர் எழுதியதிலும்தான் தெளிவாயிற்று.

ஒலியின் வேகத்தையும் அவர் விடவில்லை. இரண்டு வழிகளில் அளந்தார். ஒன்று, தொலைவில் பீரங்கி வெடிக்கும் ஒளியைப் பார்த்து, ஓசை வந்துசேரும் நேரத்தை எண்ணுவது. இதில் கிடைத்தது நொடிக்கு 230 துவாஸ் (பழைய பிரெஞ்சு நீள அளவு), நம் கணக்கில் சுமார் 450 மீட்டர். மற்றொன்று எதிரொலி. 'பெனெதிகாம் தோமினும்', 'ஆண்டவரைப் போற்றுவேன்' என்ற ஜெபவரியில் ஏழு அசைகள். அதை ஒரு நொடியில் சொல்லி முடிக்கலாம். சொல்லி முடித்த உடனே எதிரொலி தொடங்கும்படி சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்தால் 81 துவாஸ். போக வர 162 துவாஸ், ஏறக்குறைய 316 மீட்டர். இன்று நாம் அறிந்த மதிப்பு, 20 பாகை வெப்பத்தில், 343 மீட்டர். பீரங்கியும் ஊசலும் கொண்டு செய்ததைவிட ஜெபவரியைச் சொல்லிச் செய்தது உண்மைக்கு நெருக்கமாக வந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்களையும் அவர் அச்சிட்டு வைத்திருப்பது, பின்னால் வந்தவர்களுக்கு அவற்றைவிடத் துல்லியமாக அளக்கத் தூண்டுதலாயிற்று.

இசையிலிருந்தே கணிதத்துக்கும் ஒரு கதவு திறந்தது. ஆறு சுரங்களை ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வருமாறு எத்தனை வரிசைகளில் பாடலாம்? 6×5×4×3×2×1, அதாவது 720. மெர்சென் விடையைச் சொல்லிவிட்டு நகரவில்லை, 720 வரிசைகளையும் சுரக்குறிகளில் எழுதியே காட்டினார். சுரங்களின் எண்ணிக்கை 64 வரை போனால் எத்தனை என்று அட்டவணையும் போட்டார். கடைசி விடையில் 90 இலக்கங்கள். ஒரு சுரம் திரும்பத் திரும்ப வந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதையும் ஆராய்ந்தார். சேர்க்கையும் வரிசைமாற்றமும் தனிக் கணிதத் துறையாக உருவெடுப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட பக்கங்கள் இவை.

இனி அவர் பெயரைத் தாங்கும் எண்கள். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் வருமானால் அது நிறைவு எண். 6 = 1+2+3. 28 = 1+2+4+7+14. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி 1 கழித்தால் கிடைப்பது பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவு எண்ணைச் செய்யலாம் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். ஆக, நிறைவு எண்ணைத் தேடுவது என்பது 2-இன் அடுக்கில் ஒன்று குறைவான பகா எண்ணைத் தேடுவதாகிறது. அப்படிப்பட்ட பகா எண்தான் இன்று மெர்சென் பகா எண். அடுக்கு பகு எண்ணானால் விடையும் பகு எண்ணே. அடுக்கு பகா எண் என்பதாலேயே விடையும் பகா எண்ணாகிவிடாது: 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 2047, அது 23×89.

மெர்சென் இந்தக் கேள்விகளைத் தபாலில் ஏற்றினார். அதே முறையில் 120-இன் காரணிகளைக் கூட்டினால் சரியாக அதன் இரண்டு மடங்கு, 240, வருகிறது. இதுபோல் வேறு எண்கள் உண்டா? ஃபெர்மாவிடமிருந்து 672 வந்தது. காரணிகளின் கூட்டல் மும்மடங்காக வரும் 30240-ஐ 1638 வாக்கில் டெக்கார்ட் அனுப்பினார். 1640-இல் ஃபெர்மா அதைவிட ஆழமான ஒன்றை எழுதினார்: அடுக்கு 37 என்றால், அந்த எண்ணுக்குக் காரணி ஏதாவது இருந்தால் அது 74-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படித் தேடினால் 74×3+1 = 223 கிடைக்கிறது, வகுபடுகிறது. இதே எண்ணைப் பகா எண் என்று இத்தாலியர் கத்தால்டி சொல்லியிருந்தது தவறென்று ஆயிற்று. 'ஃபெர்மாவின் சிறிய தேற்றம்' என்று நாம் படிப்பது இந்தத் தேடலின் நடுவில் பிறந்ததுதான்.

1644-இல் வெளியான தம் நூலின் முன்னுரையில் மெர்சென் துணிந்து ஒரு பட்டியல் தந்தார். 257 வரையிலான அடுக்குகளில் பகா எண் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்றார். பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால் இது நிரூபணமாக இருந்திருக்க முடியாது. கூர்மையான ஓர் ஊகம் என்று கொள்வதே நியாயம்.

அந்த ஊகத்தைச் சரிபார்த்து முடிக்க 300 ஆண்டுகள் ஆயின. 31 சரி என்று 1772-இல் ஆய்லர் காட்டினார். 1876-இல் எதுவார் லூக்கா 127 சரி என்றும் 67 தவறு என்றும் காட்டினார். 1883-இல் ருஷ்யாவின் பெர்வூஷின், பட்டியலில் இல்லாத 61-உம் பகா எண் தருவதைக் கண்டார். 61-தான் அச்சில் 67 ஆகிவிட்டதோ என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 1910-களில் 89-உம் 107-உம் சேர்ந்தன. 257-உம் தவறு. 67-க்கு உரிய 147573952589676412927 என்ற எண் பகு எண் என்று லூக்கா நிறுவியும், காரணிகள் யாருக்கும் தெரியாமலே இருந்தன. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் கோல், 193707721×761838257287 என்று அதைப் பிரித்துக் காட்டினார்.

லூக்கா கண்ட சோதனைமுறை பின்னர் லேமரால் செம்மையானது. அதன் எளிமையை ஒருமுறை பார்த்துவிடலாம். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பச் செய்யுங்கள். 31 என்ற எண்ணுக்கு (அதன் அடுக்கு 5): 4, 14, அப்புறம் 194-இன் மீதி 8, அப்புறம் 62-இன் மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்ததும் பூஜ்யம் வந்தால் அது பகா எண். 1996-இல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளை இணைத்து நடக்கும் தேடல் நீண்ட காலம் இந்த முறையையே நம்பியிருந்தது; இப்போது முதல் சோதனைக்கு வேறு முறை, கிடைத்த பகா எண்ணை உறுதிசெய்ய இந்த முறை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841. எழுதினால் 41024320 இலக்கங்கள்.

பிழையுள்ள பட்டியலுக்கு ஒருவர் பெயரை வைத்தது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான் என்பேன். எந்த எல்லைக்குள் எதைச் சோதிக்க வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னதால்தான் ஆய்லரிலிருந்து கோல் வரை பலர் அதன்மேல் உழைத்தார்கள். தந்தியிலும் எண்ணிலும் அவர் வழி ஒன்றே: தெரிந்ததை அளவோடு சொல், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேள்.

அப்படிக் கேட்டதன் வீச்சு வியப்பானது. 1635 முதல் பாரிஸில் அறிஞர்களைக் கூட்டிப் பேச வைத்தார். டெக்கார்ட், ஃபெர்மா, ரோபர்வல், கசந்தி, ஹாப்ஸ், பாஸ்கலின் தந்தை என்று பலரும் அவருடைய நட்பு வட்டம். அவருடைய கடிதத் தொகுப்பு அச்சில் பதினேழு தொகுதிகள். டெக்கார்ட்டின் 'தியானங்கள்' அச்சாகும் முன்பே கையெழுத்துப் படியைப் பலரிடம் சுற்றவிட்டு மறுப்புகளைத் திரட்டித் தந்தவர் அவர். கலிலியோ தண்டிக்கப்பட்ட மறு ஆண்டே, 1634-இல், அவருடைய இயந்திரவியலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். ஒரு கத்தோலிக்கத் துறவிக்கு அது சின்ன விஷயமல்ல. பொருள்கள் விழுவதைப் பற்றி அதே கலிலியோ சொன்ன அளவுகளைத் தானே செய்து பார்த்து, எண்கள் பொருந்தவில்லை என்று எழுதவும் தயங்கவில்லை. சாய்தளச் சோதனையைக் கலிலியோ உண்மையிலேயே செய்தாரா என்றுகூடச் சந்தேகப்பட்டார். இது அவசரத் தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. முதல் நொடியில் 12 பாரிஸ் அடி என்ற மெர்செனின் சொந்த அளவும் குறைவுதான். 15 அடி இருக்க வேண்டும்.

1644-45-இல் இத்தாலிக்குப் போனவர் டாரிசெல்லியைச் சந்தித்தார், காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாதரசக் குழாய்ச் சோதனையின் செய்தியோடு திரும்பினார். நல்ல கண்ணாடிக் குழாய் கிடைக்காமல் பாரிஸில் அதைச் செய்ய முடியவில்லை. செய்தி ரூவானிலிருந்த இளைஞர் பிளெஸ் பாஸ்கலை எட்டியது, அங்கே சோதனை பலித்தது. காற்றின் அழுத்தம் உயரத்தோடு குறைகிறது என்று காட்டிய ப்யூய் த தோம் மலைச் சோதனை நடந்தது 1648 செப்டம்பர் 19-இல். மெர்சென் அதே மாதம் முதல் தேதி, நுரையீரல் சீழ்க்கட்டியால் இறந்துவிட்டிருந்தார்.

அவருடைய கடைசி ஆண்டுகளில் கடிதத் தொடர்பில் வந்தவர்களில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பதினேழு வயது இளைஞர். கயிற்றில் கட்டிய குண்டு ஆடும் காலம் தெரியும். ஆனால் ஒரு கம்போ தகடோ, எடை முழுதும் பரவிக் கிடக்கும் எந்தப் பொருளோ ஊசலாக ஆடினால் அதன் காலம் எவ்வளவு நீளமுள்ள ஊசலுக்குச் சமம் என்று மெர்சென் கேட்டிருந்தார். இளைஞரால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. 1656-இல் ஊசல் கடிகாரத்தை அமைத்த ஹைகன்ஸ், 1673-இல் தம் பெரிய நூலின் நான்காம் பகுதியில் அந்தக் கேள்விக்கு முழுத் தீர்வு தந்தார். தாம் ஏறக்குறையச் சிறுவனாக இருந்தபோது மெர்சென் இந்தக் கணக்கைத் தமக்குக் கொடுத்தார் என்று அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்.